வித்துரா மைதானத்தில் ஒரு ஞாயிறு

சென்ற மாதம் இரண்டு நாள் விடுப்புப் பெற்று, வித்துராவில் குடியிருக்கும் என் தமக்கையார் இல்லத்துக்குச் சென்று வந்தேன். சென்றது மருமகனின் கிரிக்கெட் ஆட்டத்தைக் காண. ஆனால் அவன் ஒரு பந்துகூட வீசாமல் உட்கார்ந்திருந்ததையே கண்டு திரும்பினேன். அவ்வாறு உட்கார வைத்தவர்களுள் நானும் ஒருவன். அந்த வரலாற்றை நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியதால் இதனை எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து புறப்படும் பேருந்து, பேரூர்க்கடையைத் தாண்டி நெடுமங்காட்டை அடைகிறது. மலைச்சரக்குகள் வந்து குவியும் சந்தையூர் அது. பழைய கோயிக்கல் அரண்மனையும் அங்கேதான் இருக்கிறது. அதன்பின் சுள்ளிமானூர், தொளிக்கோடு என்று ஊர்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. ரப்பர் மரங்கள் பெருகிக்கொண்டே வருகின்றன. காற்றில் ஒரு குளிர்ச்சி தட்டும்போது வித்துரா வந்துவிட்டது என்று அறியலாம். இங்கிருந்து ஒரு சாலை கல்லாற்றைக் கடந்து இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகள் ஏறிப் பொன்முடிக்குச் செல்கிறது. மற்றொன்று போணக்காட்டுக்குச் செல்கிறது. அகத்தியர்கூடத்துக்கு ஏறுவோர் அங்கிருந்தே நடக்கத் தொடங்குகின்றனர். 1868 மீட்டர் உயரமுள்ள அச்சிகரம் நமக்கு அந்நியமானதன்று; நாம் பொதிகை என்று போற்றுவது அதுவே. நம் பொருநையாறு பிறந்து நெல்லைச் சீமைக்கு இறங்குவதும் அம்மலையிலிருந்தே. திருநெல்வேலியில் கிழக்கு முகமாக ஓடும் தண்ணீருக்கும், இங்கே மேற்கு முகமாக ஓடும் தண்ணீருக்கும் தாய்வீடு ஒன்று.

என் அத்தானின் தந்தையார் அந்தக் கிழக்குச் சரிவிலிருந்து மேற்குச் சரிவுக்கு வந்தவர். மலைத் தோட்டம் ஒன்றில் தேயிலை கிள்ளியும் கவாத்து வெட்டியும் குடும்பத்தை வளர்த்தார். தோட்டத்தில் வேலை குறைந்தபின் அத்தான் கீழே இறங்கி வித்துராவில் சிறு தேநீர்க் கடை வைத்தார். அவருடைய மகனுக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறான். வீட்டில் தமிழ் பேசுகிறான். மைதானத்தில் மலையாளம் பேசுகிறான். வேகப்பந்து வீசுவதில் அவ்வட்டாரத்தில் அவனுக்கு இணை இல்லை என்று அத்தான் கடைக்கு வருபவர்கள் சொல்கிறார்கள். மறுமாதம் மாவட்ட அளவிலான தேர்வு ஒன்றுக்கும் அவனுக்கு அழைப்பு வந்திருந்தது.

நான் சனிக்கிழமை மாலை வீட்டை அடைந்தபோது அவன் தரையில் பாய்விரித்துக் குப்புறப் படுத்திருந்தான். தமக்கையார் அவன் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றுமில்லை மாமா, சிறு பிடிப்புத்தான்" என்றான்.

"ஒன்றுமில்லையா? இரண்டு மாதமாக இதே கதை. ஆறு வாரம் பந்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீயாவது சொல்லு தம்பி" என்றார் தமக்கையார்.

விசாரித்தபோது விஷயம் விளங்கிற்று. அவ்வூர்க் குழுவில் சென்ற ஆண்டு வரையில் மூன்று வேகப்பந்து வீச்சாளர்கள் இருந்தனர். ஒருவன் வேலை கிடைத்துத் துபாய்க்குச் சென்றான். மற்றொருவன் படிப்புக்காகப் பெங்களூருக்குச் சென்றான். எஞ்சியவன் இவன் ஒருவனே. ஆட்டத்தில் இவனுக்கு நான்கு ஓவர்தான், அதனால் தீங்கில்லை. ஆனால் மாலைதோறும் பயிற்சியில் மட்டை பிடிப்பவர் அத்தனை பேருக்கும் இவனே பந்து வீசவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஊர்க் குழுக்களும் இவனை இரவல் கேட்டு அழைத்துச் சென்றன. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கும் தெரியவில்லை. போதும் என்று சொல்ல எவரும் இல்லை.

அன்றிரவு குழுத் தலைவர் வந்தார். ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் நல்ல இளைஞர். "நாளை இறுதி ஆட்டம் சார். நாளை ஒரு நாள் மட்டும் அவனை அனுப்பிவையுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். இங்கே என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் ஆடுவதைக் காணவே விடுப்பு எடுத்து வந்தவன் நான். ஆகவே, "ஒரு நாள்தானே அக்கா" என்று என் வாய் முந்திக்கொண்டது. தமக்கையார் பதில் பேசவில்லை. தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. 2025ஆம் ஆண்டு ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம் நினைவில் ஓடிற்று. 1951-52இல் திருவாங்கூர்-கொச்சி என்ற பெயரில் அப்போட்டியில் நுழைந்து, 1957-58 முதல் கேரளம் என்ற பெயரில் ஆடிவரும் குழு, முதன்முறையாக அவ்வாண்டுதான் இறுதியை எட்டியது. எட்டிய விதமும் அதிசயமானது. காலிறுதியில் ஜம்மு-காஷ்மீரைவிட முதல் இன்னிங்ஸில் ஒரே ஒரு ஓட்டம் கூடுதல். அரையிறுதியில் குஜராத்தைவிட இரண்டு ஓட்டங்கள் கூடுதல். நாகபுரியில் பிப்ரவரி 26ஆம் நாள் தொடங்கிய இறுதியில் விதர்ப்பம் முதலில் ஆடிற்று. நிதீஷும், பத்தொன்பதே வயதான ஏடன் ஆப்பிள் டாமும் வீசிய வீச்சில் 24 ஓட்டங்களுக்குள் மூன்று விக்கெட்டுகள் சாய்ந்தன. அலுவலகத்தில் நாங்கள் கைகொட்டிக் குதித்தோம்.

அதன் பிறகு நடந்ததுதான் பாடம். தானிஷ் மாலேவாரும் கருண் நாயரும் சேர்ந்து நான்காம் விக்கெட்டுக்கு 215 ஓட்டங்கள் குவித்தனர். முதல் வீச்சின் வேகம் தணிந்தபின், அதே வேகத்தோடு ஓடிவர அடுத்த வரிசையில் ஆள் இல்லை என்பதே என் போன்ற ரசிகர்களின் வருத்தம். விதர்ப்பம் 379, கேரளம் 342. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. முதல் இன்னிங்ஸில் பெற்ற 37 ஓட்ட முன்னிலையால் கோப்பை விதர்ப்பத்துக்குச் சென்றது. தலைவர் சச்சின் பேபி 98இல் ஆட்டமிழந்ததையே பலரும் சொல்லி வருந்தினர். நான் அந்த 215ஐ எண்ணி வருந்தினேன்.

கேரளத்தில் வேகப்பந்து வீச்சாளர் பிறக்கவில்லை என்று சொல்ல இயலாது. 2001இல் மொகாலியில் டினு யோகன்னான் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். கேரளத்திலிருந்து டெஸ்டில் ஆடிய முதல்வர் அவரே. பின்னர் ஸ்ரீசாந்த் 27 டெஸ்டுகளில் 87 விக்கெட்டுகள் எடுத்தார். 2019 ஜனவரியில் வயநாட்டில் பாசில் தம்பியும் சந்தீப் வாரியரும் குஜராத்தை வீழ்த்திக் குழுவை அரையிறுதிக்கு அழைத்துச் சென்றனர். ஆனால் 2020இல் வாரியர் நம் தமிழ்நாட்டுக் குழுவுக்கு வந்துவிட்டார். மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்து பல ஆண்டுகள் கேரளத்தைத் தாங்கிய சுழல்வீரர் ஜலஜ் சக்சேனாவும் 2025இல் மகாராட்டிரத்துக்குச் சென்றார். வருவதும் போவதும் உலக இயற்கை. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நாம் அதனைக் குறை சொல்லலாகாது. போனவரின் இடத்தில் நிற்க ஒருவனை முன்னதாகவே பழக்கி வைத்திருக்கிறோமா என்பதே கேள்வி.

இந்தியக் குழுவுக்கே இக்குறை உண்டு. 2024-25இல் ஆஸ்திரேலியப் பயணத்தில் பும்ரா 150 ஓவர்களுக்கு மேல் வீசி 32 விக்கெட்டுகள் எடுத்தார். சிட்னியில் கடைசி இன்னிங்ஸில் முதுகு பிடித்துக்கொண்டதால் அவரால் பந்தைத் தொட முடியவில்லை. ஆட்டமும் போயிற்று, தொடரும் போயிற்று. 2023இல் அதே முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் அவர்.

அமெரிக்கர் இதனை வேறு விதமாகக் கையாளுகின்றனர். அவர்களுடைய பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு பருவத்துக்கு ஒவ்வொரு குழுவும் 162 ஆட்டங்கள் ஆடவேண்டும். அங்கே ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பந்தெறிவோர் பெரும்பாலும் ஐவர். ஒருவர் ஒரு நாள் எறிந்தால் ஏறக்குறைய நான்கு நாள் ஓய்வு. எத்தனை பந்து எறிந்தார் என்பதையும் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். அத்தனை காவல் இருந்தும் முழங்கைத் தசைநார் நைந்து போகிறது. 1974இல் டாமி ஜான் என்ற வீரருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்த முழங்கை அறுவை, இன்றும் அவ்வீரர் பெயராலேயே வழங்குகிறது. ஆகவே அந்நாட்டு ரசிகர்களின் ஓயாத கவலை முதல் வீரரைப் பற்றியதன்று; ஐந்தாம் வீரர் யார், அவருக்கும் நோவு வந்தால் ஆறாமவர் யார் என்பதே.

நிற்க. இது விளையாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. எங்கள் இரயில்வேயில் விடுப்பில் செல்வோருக்கு மாற்றாக அனுப்புவதற்கென்றே தனியாகச் சில பணியிடங்கள் வைத்திருக்கிறார்கள். 'லீவ் ரிசர்வ்' என்பது அதன் பெயர். வேலை தொடங்கிய புதிதில், சிறு நிலையம் ஒன்றில், மாற்றாள் வராததால் பதினாறு நாள் ஓய்வின்றிப் பயணச்சீட்டுக் கொடுத்தேன். என்னால் முடியும் என்ற இறுமாப்பு வேறு. பதினாறாம் நாள் கணக்கு முடிக்கும்போது பணம் குறைந்தது. இரவெல்லாம் எண்ணியும் அகப்படாமல், கையிலிருந்து கட்டினேன். களைத்தவன் கை தவறும். அவன் திறமை அப்போது உதவாது. பணம் போனால் சம்பாதிக்கலாம். பதினேழு வயதுப் பையனின் முதுகெலும்பில் விரிசல் விழுந்தால் எந்தச் சம்பளத்திலிருந்து கட்டுவது?

பொழுது விடிந்ததும் தமக்கையாரிடம், "நேற்றுச் சொன்னது தவறு அக்கா" என்றேன். பிறகு அத்தானும் நானும் குழுத் தலைவரைத் தேடிச் சென்றோம். அவர் முகம் வாடிற்று. "அவன் இல்லாவிட்டால் யாரை வைத்து ஆடுவது சார்?" என்றார். அத்தான் அமைதியாக, "அடுத்த மாதமும் அவன் உங்களுக்கு வேண்டுமல்லவா?" என்று கேட்டார். சிறிது நேரம் யோசித்துவிட்டுத் தலைவர் தலையசைத்தார். மருமகன் என்னோடு பேசவில்லை. மைதானத்துக்கு மட்டும் வந்தான். தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்தான்.

ரப்பர்த் தோட்டத்துக்கும் பாறைக்கும் நடுவே சரிவாகக் கிடக்கும் சிறு மைதானம் அது. மருமகனின் இடத்தில் பந்து வீச அழைக்கப்பட்டவன் பதினாலு வயதுச் சிறுவன். அதுவரை எல்லைக்கு வெளியே பந்து பொறுக்கிப் போட்டவன். அவனது முதல் ஓவரில் பதினாலு ஓட்டங்கள் பறந்தன. கூட்டம் சிரித்தது. சிறுவனின் கண்களில் நீர் கோத்ததை நான் கண்டேன். அப்போது மருமகன் தண்ணீர் கொடுக்கும் சாக்கில் உள்ளே ஓடி, அவன் தோளில் கைபோட்டு ஏதோ சொன்னான். அடுத்த ஓவரில் சிறுவன் வேகத்தைக் குறைத்து நேராக வீசினான். நடு ஸ்டம்ப் சாய்ந்தது. அவன் துள்ளியதைவிட மருமகன் துள்ளியதே அதிகம்; இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தும் விட்டான்.

ஆட்டத்தில் ஆறு ஓட்ட வித்தியாசத்தில் தோற்றோம். கோப்பை பக்கத்து ஊருக்குச் சென்றது. வீடு திரும்பும் வழியில், "நான் வீசியிருந்தால் ஜெயித்திருப்போம் மாமா" என்றான் மருமகன். "ஜெயித்திருக்கலாம்" என்றேன். உண்மையை மறுப்பானேன்? சிறிது தூரம் நடந்தபின் அவனே, "அந்தப் பையன் ஓடிவருவது நன்றாயிருக்கிறது. கையை மட்டும் இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டும். நான் சும்மா இருக்கும் ஆறு வாரமும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன்" என்றான்.

மாவட்டத் தேர்வுக்கு அவன் முதுகு ஆறுமோ ஆறாதோ, அறியேன். ஆறாவிட்டால் அடுத்த ஆண்டு இருக்கிறது. நம் வீடுகளிலும் ஒருவரே சம்பாதித்து, ஒருவரே ஓடியாடி, நோவை மறைத்துக்கொண்டு நிற்பதைக் காண்கிறோம். அவரைப் புகழ்வதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அவருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்து, அடுத்தவர் கையில் பந்தைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். முதல் ஓவரில் பதினாலு ஓட்டம் போகும், போகட்டும்.

திங்கட்கிழமை விடியற்காலைப் பேருந்தில் நான் புறப்பட்டபோது பொதிகையின் மேல் மேகம் மூடியிருந்தது. தமக்கையார் வழிக்கு இட்டிலி கட்டிக் கொடுத்தார். மருமகன் இன்னும் உறங்கிக்கொண்டிருந்தான். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் புரண்டு புரண்டு படுக்காமல் உறங்கினான் என்று தமக்கையார் சொன்னார்.