பெருமங்கலம்

பிறந்தநாளைக் கொண்டாடும் வழக்கம் மேனாட்டாரிடமிருந்து நமக்கு வந்ததென்று பலரும் எண்ணுகின்றனர். தொல்காப்பியம் கற்றோர் அவ்வாறு எண்ணார். மன்னனது பிறந்தநாட் சிறப்பைப் பாடாண் திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்து, அதனைப் பெருமங்கலம் என்று குறிக்கிறது அந்நூல். அன்று மன்னன் தன் செற்றத்தை நீக்கியிருப்பான் என்பது அத்துறையின் சிறப்பு. எனினும் அது மன்னனுக்குரிய மங்கலம். மலையகத் தோட்டங்களிலே பிறந்த எளியோருக்கோ பிறந்தநாள் என்பது நெடுங்காலமாகக் கொண்டாடுதற்குரியதாய் இருக்கவில்லை; நிரூபித்தற்குரியதாகவே இருந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இலங்கையிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது என்றது. தந்தையும் இங்கு பிறந்தவர் என்றோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ காட்டுதல் வேண்டும். லயக் காம்பராவிற் பிறந்த பூட்டனுக்குப் பத்திரம் எழுதி வைத்தவர் எவர்? எனது பாட்டனார் 1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஹட்டனை அடுத்த தோட்டமொன்றிற் பிறந்தவர். அவருக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருந்தது. ஆனால் அவருடைய தந்தையார் சிறு பிள்ளையாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவராதலின், ஐந்து வயதிலேயே பாட்டனார் நாடற்றவரானார்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. எங்கள் குடும்பம் இந்தியாவுக்கு விண்ணப்பித்தது. பாட்டனாரின் தமையனார் 1972இல் ஹட்டன் புகைவண்டி நிலையத்திற் கோச்சியேறித் தலைமன்னார் சென்று, கப்பல் மூலம் இராமேஸ்வரத்தை அடைந்து, நீலகிரியிற் குடியேறினார். நோயுற்ற தாயாரைப் பராமரிப்பதற்காகப் பாட்டனார் பின்தங்கினார். 1980களின் முற்பகுதியிற் கப்பற் போக்குவரத்தும் நின்றது. ஈற்றில் 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் வாயிலாகவே, தமது அறுபதாவது வயதில் அவர் இந்நாட்டின் பிரசையானார். அதுவரை அந்தப் பிறந்த திகதி எத்தனையோ விண்ணப்பப் படிவங்களில் எழுதப்பட்டது. ஒருநாளேனும் வீட்டில் நினைக்கப்பட்டதில்லை.

அதனை முதன்முதலாக நினைத்தவள் கனடாவிலிருந்து வந்த ஒரு பத்து வயதுச் சிறுமி. சித்தப்பா தமது பிள்ளைகள் இருவருடனும் 2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்கு டொரொன்டோவிலிருந்து வந்திருந்தார். தகரப் பெட்டியிலிருந்த பழைய பத்திரங்களை அவர் காட்டிக்கொண்டிருக்கையில் மூத்தவளான என் தங்கை ஒரு திகதியை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அடுத்த வாரமே தாத்தாவுக்கு எண்பது வயது நிறைவதைக் கண்டுபிடித்தவளும் அவளே. “எனக்கு எதுக்கும்மா பொறந்தநாளு?” என்று அவர் கேட்ட கேள்வி அவளுக்கு விளங்கவேயில்லை.

குறித்த நாளன்று காலை ஹட்டன் மாணிக்கப் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை முடித்துக்கொண்டு தலவாக்கலைக்குப் புகைவண்டி ஏறினோம். பேக்கரியில் வாங்கிய கேக் பெட்டியைப் பாட்டியார் மடியிலிருந்து இறக்கவேயில்லை. மேடையில் நின்றபோது பாட்டனார், “எங்கண்ணன் போன கோச்சி அந்தப் பக்கம் எறங்கிப் போச்சு. நாம இந்தப் பக்கம் ஏறிப் போறோம்” என்று மட்டும் கூறினார். தமையனார் இன்று இல்லை. சகோதரர் இருவரும் மீண்டும் ஒருவரையொருவர் காணவுமில்லை.

மலைநாட்டுப் பாதையின் மிக நீண்ட சுரங்கம் ஹட்டனைக் கடந்தவுடன் வருகிறது. நம்மவர் அதனைச் சிங்கமலைச் சுரங்கம் என்பர். இருள் சூழ்ந்ததும் ஏழு வயதுத் தம்பி கூவினான். அவனுக்குப் போட்டியாகப் பாட்டனாரும் கூவினார். அவர் அவ்வாறு குரலெழுப்பி நான் கேட்டது அதுவே முதற்றடவை.

கொட்டகலையைத் தாண்டியபின் டெவோன் நீர்வீழ்ச்சியும், அப்பால் சென்கிளயர் நீர்வீழ்ச்சியும் தென்பட்டன. பின்னதை இலங்கையின் சின்ன நயாகரா என்பர். மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின் அதன் பழைய பெருக்கு குன்றிவிட்டது. மெய்யான நயாகராவைக் கண்டவளாகிய தங்கை, “எங்களுடையது இதைவிட மிகப் பெரியது, தாத்தா” என்றாள். பாட்டனார் சிரித்தார். “இருக்கட்டும்மா. இதையும் நான் பெருசாப் பாத்திருக்கேன். வெள்ளைக்காரத் தொர இருந்த காலத்துல இந்தச் சத்தம் தூரத்திலேயே கேக்கும்” என்றார். அவள் சன்னலருகே செவிசாய்த்துக் கேட்டாள். வண்டியின் ஓசையே கேட்டது.

தலவாக்கலையில் நீர்த்தேக்கத்தின் கரையோரமாய் அமர்ந்து கேக் பெட்டியைத் திறந்தோம். காற்று மெழுகுவர்த்தியை நிலைக்கவிடவில்லை. பாட்டியார் தமது கம்பளியை விரித்து மறைப்புக் கட்டினார். அப்போதுதான் தங்கை, “அப்பாயியின் பிறந்தநாள் எப்போது?” என வினவினாள். பாட்டியாரிடம் இருப்பது உத்தேச வயதுச் சான்றிதழே. 1947ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போது தாம் கைக்குழந்தை என்பதற்குமேல் அவருக்கு எதுவுந் தெரியாது. “அப்படியானால் இன்றே அப்பாயிக்கும் பிறந்தநாள்” என்று தங்கை தீர்ப்பளித்து, இரண்டாவது மெழுகுவர்த்தியையும் நட்டாள்.

பாட்டியாரின் முகம் மாறியது. “வேணாம்மா. தெரியாத தேதியச் சொல்லக் கூடாது. பொறவு விசாரிச்சா என்னத்தக் காட்டுறது?” என்றார்.

சித்தப்பா தலைகுனிந்தார். தங்கை எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தாள். பாட்டனாரே பேசினார்: “இனிமே ஒன்னைய யாரு விசாரிக்கப் போறா? ஊது புள்ள!”

சிறிது நேரம் தயங்கியபின் பாட்டியார் ஊதினார். ஆயினும் கேக்கை வாயிலிட்டவாறே, “வெள்ளம் வந்தப்ப நான் கைப்புள்ள. அது மட்டுந்தான் நெசம்” என்று பேத்தியிடம் மீண்டுமொருமுறை வலியுறுத்தத் தவறவில்லை.

அவ்வார்த்தைகளைப் பேதைமையென்று ஒதுக்க என்னால் இயலவில்லை. வாழ்நாள் முழுதும் அதிகாரிகளின் மேசைமுன் நின்ற ஒருவரின் நேர்மையும் அச்சமும் ஒருங்கே அதனுட் கிடந்தன. பெருமங்கல நாளில் மன்னன் செற்றம் நீக்குவான் என்கிறது இலக்கணம். எங்கள் முதியோர்மீது அரசு கொண்டிருந்த செற்றம் நீங்க 55 ஆண்டுகள் சென்றன. சட்டத்திலிருந்து அது நீங்கியபின் 20 ஆண்டுகள் கடந்தும் ஒரு மூதாட்டியின் நெஞ்சிலிருந்து அச்சம் நீங்கவில்லை. பாராளுமன்றம் ஒரே நாளில் நிறைவேற்றக்கூடியதன்று அது.

மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டென நினைவுகூரப்பட்ட ஆண்டிலேயே இச்சிறு பயணம் வாய்த்தது. கருத்தரங்குகளும் நடைபயணங்களும் தேவையானவையே. அவற்றோடு, நம் இல்லங்களிலுள்ள முதியோரிடம் அவர்கள் பிறந்த காலத்தைக் கேட்டெழுதுவோம். திகதி அறியாதவர் வெள்ளத்தையோ மண்சரிவையோ கூறுவர். அதனை அவ்வாறே பதிவோம். கேட்பது விசாரணைக்காக அன்று, கொண்டாடுவதற்கே என்று முதலிற் சொல்லிவிட்டுக் கேட்போம்.