வெற்றிடத்தின் கணக்கு

வடக்குப்பட்டிலிருந்து ஒரகடம் செல்லும் வழியில், ஆலை வாயிலொன்றில் நின்ற டீசல் லாரியின் மீதேறி, இளைஞன் ஒருவன் பித்தளை அளவுகோலைத் தொட்டிக்குள் இறக்கிக் கொண்டிருந்தான். கப்பலில் நான் பல்லாண்டுகள் செய்த பணி அது. ஆயின், கனத்த எண்ணெயாயின் நாங்கள் நனைந்த அளவைப் பார்ப்பதில்லை. எண்ணெய் மட்டத்திற்கு மேல் தொட்டியின் வாய் வரையுள்ள வெற்றிடத்தையே அளப்போம். ‘அல்லேஜ்’ என்பது அதன் பெயர். அடியில் வண்டல் படிந்திருந்தால், அடிவரை இறக்கிய நாடா பொய் சொல்லும், வெற்றிடம் சொல்லாது.

அளந்தால் மட்டும் போதாது. அட்டவணையில் கன அளவைக் கண்டு, வெப்பத்திற்கேற்பத் திருத்த வேண்டும். 10 பாகை சூடேறினால் 20,000 லிட்டர் டீசல் ஏறத்தாழ 160 லிட்டர் பெருகிவிடும்! அடுத்தது கப்பலின் சாய்வு. பின்பகுதி தாழ்ந்திருந்தால் எண்ணெய் அப்பக்கம் ஒதுங்கும். பின்னோரத்து அளவுக்குழாய், உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே, எம் மாவட்டத்தின் பெயர் தாங்கிய ‘டான் காஞ்சிபுரம்’ என்னும் எண்ணெய்க் கப்பலும் ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ என்னும் கப்பலும் மோதிக்கொண்டன. கசிவில்லை என்றே முதலில் கூறப்பட்டது. கரையிலோ வாளி வாளியாக அள்ளினர். மோதலுக்கு முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களைக் கணக்கிட்டாலன்றி, கொட்டியது எவ்வளவு என்று எங்ஙனம் உரைப்பது?

பிறரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. வளைகுடாத் துறைமுகமொன்றில் எங்கள் கப்பலுக்கு எண்ணெய் ஏற்றினோம். ஏற்றுமுன் இருப்பை அளந்தவன் நான். ஏற்றி முடிந்ததும் கப்பல் சமநிலைக்கு வந்திருந்தது. மீண்டும் அளந்து கழித்தேன். படகினர் தந்ததாகச் சொன்னதில் 11 டன் குறைந்தது. படகின் மேற்பார்வையாளர் கீழக்கரைப் பெரியவர்.

“அளவில் மோசம் செய்கிறவனில்லை, தம்பி” என்றார்.

நான் அட்டவணையை நீட்டினேன். அதுவும் போதாதென்று, அளவில் குறைப்போரைக் கண்டிக்கும் திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயத்தையும் அவருக்கு நினைவூட்டினேன். என் தந்தையின் வயதினர் அவர்! ஆட்சேபக் கடிதத்தில் கையொப்பமிட்டுவிட்டு, மௌனமாகப் படகில் இறங்கினார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் அளவில் சாய்வுத் திருத்தம் எழுத வேண்டிய கட்டம் வெறுமையாயிருந்தது. உடனே தலைமைப் பொறியாளரை எழுப்பிச் சொன்னேன். கடிதம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் படகு போய்விட்டது. நாங்களும் விடியலில் புறப்பட்டோம். அப்பெரியவரைப் பிறகு நான் காணவேயில்லை.

லாரியின் மேல் நின்ற இளைஞன் அளவைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“வண்டி சமதரையில் நிற்கிறதா, தம்பி?” என்று கேட்டேன்.

என்னை ஒருகணம் பார்த்துவிட்டு, கீழே இறங்கிச் சக்கரங்களின் பக்கம் நடந்தான்.