கட்டை கட்டும் நேரம்

காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு போகிற வழியெங்கும் வைகாசி பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். திரௌபதியம்மன் கோயில் இருக்கிற ஊரென்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. நான் போன ஊரில் அன்றிரவு துகிலுரிதல். ஆடுகளமான களரிக்குப் போகாமல் நேரே வேஷம் கட்டுகிற இடத்துக்குப் போனேன். கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத் தாழ்வாரம் அது.

தரையில் பழைய புடவைகளை விரித்து, ஆளுக்கொரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பனைக்கென்று தனி ஆள் கிடையாது. அவரவர் முகத்தை அவரவரேதான் எழுத வேண்டும். துரியோதனன் கையகலக் கண்ணாடியைப் பிடித்தபடி நெற்றியிலிருந்து தாடை வரை சிவப்பைத் தேய்த்தார். அதன்மேல் கறுப்பில் மீசை, புருவம். பிறகு ஈர்க்குச்சியால் வெள்ளைப் புள்ளிகள். ஒரு புள்ளி பிசகினாலும் அழித்து மறுபடி வைத்தார். விடியும்வரை வியர்வையில் ஊறப்போகிற முகத்துக்கா இத்தனை நுணுக்கம் என்று கேட்டேன்.

“முன்னால குந்தியிருக்கிற கெழவி நம்ம தாத்தா ஆடினதையே பார்த்தவ சார். அவ கண்ணுக்குத் தப்பாது” என்றார் பக்கத்திலிருந்த கூத்து வாத்தியார்.

முகம் முடிந்தபின் கட்டைகள் வெளியே வந்தன. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், காதோரத்து அணிகள் எல்லாமே கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. செதுக்க வாகான, எடையில்லாத மரம் அது. இழைத்த பலகையில் ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியிருக்கும். பருவம் தொடங்குமுன் கழன்ற கண்ணாடிகளைத் திரும்ப ஒட்டி, வெடிப்பை அடைத்து, நாடாக்களை மாற்றிவிட வேண்டும். தன் புஜக்கட்டையில் ஒட்டுப்போட்ட இடங்களை ஒருவர் தடவிக் காட்டினார். அவருடைய அப்பா கட்டியதாம் அது.

கட்டையைத் தனியாகக் கட்டிக்கொள்ள முடியாது. இடுப்பில் துணியைச் சுற்றிச் சுற்றிப் பருமனாக்கி, அதன்மேல் பாவாடையை விரித்து, ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றி நாடாவை இழுக்க, மற்றவர் முடிச்சுப் போடுகிறார். தளர்ந்தால் சுற்றி ஆடும்போது கட்டை நழுவும். இறுகினால் உச்ச சுருதியில் பாட மூச்சு வராது. அந்த முடிச்சின் அளவு கட்டுகிறவர் கைக்குத்தான் தெரியும். கூத்து கற்க வருகிற சிறுவனுக்கு முதல் பாடம் அடவு அல்ல, பெரியவர்களுக்கு நாடா இழுப்பது.

கர்ணனுக்கு நாடா இழுத்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவர் பெண் என்று தெரிந்தது. வழிவழியாக ஆண்களே ஆடிவந்த கூத்து இது. பாஞ்சாலியும் ஆண்தான். இந்தப் பெண் படித்தது, கூத்தும் பள்ளிப் படிப்பும் சேர்ந்த ஒரு குருகுலத்தில்.

அதன் கதை 1990இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு காஞ்சிபுரத்தை மையமாக வைத்துக் கூத்துக்கலைஞர்கள் தங்களுக்கென்று கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். பரம்பரைக் கூத்துக்காரரான ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்கு வந்து அவரை மணந்துகொண்ட ஹன்னே டி புரூயினும் முன்னின்றார்கள். சங்கம் நடத்திய முழு இரவு விழாக்களில் பல குழுக்கள் ஒரே களரியில் ஆடின. வெளியாருக்கு அது விழா. கலைஞருக்கு அது அடுத்த குழுவின் ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கக் கிடைத்த இரவு. பருவத்தில் எல்லாக் குழுவும் ஆளுக்கொரு ஊரில் ஆடிக்கொண்டிருக்கும்போது யார் ஆட்டத்தை யார் பார்ப்பது?

2002இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் சங்கம் குருகுலத்தைத் தொடங்கியது. கூத்துக்காக இராத்திரி முழுக்க விழித்திருக்கிற பையன் காலையில் வகுப்பில் தூங்குவான். பிறகு பள்ளிக்கூடத்தையே விட்டுவிடுவான். பல தலைமுறையாக நடந்தது இதுதான். அதனால் பாடமும் கூத்தும் ஒரே கூரைக்கடியில் வந்தன. பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 2020இல் குருகுலம் மூடப்பட்டது. அங்கே கற்றவர்கள் இன்று களரியில் இருக்கிறார்கள்.

“கல்யாணத்துக்கப்புறம் ராவுல வெளிய அனுப்புவாங்களான்னு எல்லாரும் கேட்டாங்க” என்றார் கர்ணன். “எங்க வீட்ல அனுப்பறாங்க. என்கூடப் படிச்ச நெறைய பேரை அனுப்பல.”

செய்யாறு வட்டத்திலேயே இருக்கும் புரிசையில் வேறொரு வழி. அங்கே கூத்துக்கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் குடும்பத்தாரின் மன்றம் இருக்கிறது. சென்னையின் நவீன நாடகக் குழுவான கூத்துப்பட்டறையோடு அவருக்கிருந்த உறவால் நவீன நாடகக்காரர்கள் அந்த ஊருக்கு வழி தெரிந்துகொண்டார்கள். அவர் நினைவாக நடக்கிற விழாவில் கூத்தும் நவீன நாடகமும் ஊர்க்காரர்கள் முன்னிலையில் விடிய விடிய நடக்கின்றன. காஞ்சிபுரத்துச் சங்கம் கலைஞனின் அன்றாடத்தைப் பிடித்துக்கொண்டது. புரிசை நகரத்தைத் தன் வாசலுக்கு வரவழைத்தது.

பத்து மணிக்குமேல் களரி கட்டினார்கள். மிருதங்கம், டோலக்கு, தாளம், ஆர்மோனியம் எல்லாவற்றுக்கும் மேலே முகவீணை ஊரையே கிழித்துக்கொண்டு போனது. கட்டியக்காரன் வந்து மழை, விலைவாசி, ஊர்த்தலைவர் மூவரையும் ஒரே மூச்சில் கிண்டலடித்தான். பிறகு திரை. இரண்டு பேர் பிடித்த துணிக்குப் பின்னால் நின்றபடி துரியோதனன் பாடினார். கிரீடத்தின் நுனி மட்டும் தெரிந்தது. திரை விலகி அவர் கிர்கி சுற்றியபோது பாவாடை குடையாக விரிந்தது. இந்தச் சுற்றில்தான் முழங்கால் போகிறது என்று வாத்தியார் பின்னால் எனக்குச் சொன்னார்.

துகிலுரியும் கட்டத்துக்கு முன் ஆட்டம் நின்றது. துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். அம்மன் மேல் கை வைக்கப் போகிறோமே என்று மன்னிப்புக் கேட்பது வழக்கம். ஒன்றோடொன்று முடிந்த புடவைகள் இழுக்க இழுக்க வந்தன. பெண்கள் எழுந்து நின்று கைகூப்பினார்கள். இரண்டு பேருக்கு ஆவேசம் வந்தது. கூந்தலை முடியமாட்டேன் என்று பாஞ்சாலி சபதம் செய்தபோது மணி மூன்றரை இருக்கும். விழா முடிவில் வரும் படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனனின் தொடையைப் பீமன் பிளந்தபின்தான் அந்தக் கூந்தல் முடியப்படும். அதுவரை இந்த ஊர் காத்திருக்கும்.

அழிந்துவரும் கலை என்று நகரத்து மேடைகளில் கேட்டுக்கேட்டுப் பழகிய காது எனக்கு. இங்கே அந்தப் பேச்சு எடுபடாது. சாவு வீட்டுக் காரியத்துக்குக் கர்ண மோட்சக் கூத்து வேண்டும். தீமிதிக்கு முன் பாரதக் கூத்து வேண்டும். வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து அழைக்க ஊர்கள் இருக்கின்றன. தேய்வது ஆடுகிறவரின் தொண்டையும் முழங்காலும் தூக்கமும்தான். ஆடி போனபின் வேலை குறைகிறது. கூலி வேலை, தறி, ஆட்டோ என்று போகிறார்கள். அடுத்த பருவத்தை நம்பிக் கடனும் வாங்குகிறார்கள்.

கலைச் சங்கம் என்றால் விழா நடத்துவது, பொன்னாடை போர்த்துவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரு சங்கத்தை அளக்க நான் இனிமேல் வேறு கேள்விகள் கேட்பேன். கூத்தாடியின் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா? கற்ற பெண் கல்யாணத்துக்குப் பின்னும் ஆடுகிறாளா? ஐப்பசியில் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா? கூத்தை அழைக்க ஊர் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் பொறுப்பேற்க ஊர் வராது. சங்கம்தான் வர வேண்டும்.