கி ரூவும் என் டிபன் பாக்ஸும்

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்குக் கால்பந்து என்றால் பிரான்ஸ் கிளப்புகள்தான். அதிலும் ஒசேர். சின்ன ஊர், சின்ன கிளப், ஒரே ஒரு பயிற்சியாளர்: கி ரூ.

1961-இல் பொறுப்பேற்றார். நடுவில் சிறு இடைவெளிகள் போக, 2005 வரை அவர்தான். கீழ்மட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த கிளப்பை 1980-இல் முதல் டிவிஷனுக்குக் கொண்டுவந்தார். 1996-இல் லீக்கும் பிரான்ஸ் கோப்பையும் ஒரே ஆண்டில்! மகா சிக்கனக்காரர். ராத்திரியில் பையன்கள் ஊர் சுற்றினார்களா என்று அறிய, வண்டி எஞ்சின் சூடாக இருக்கிறதா எனத் தொட்டுப் பார்ப்பாராம். எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் தோற்றார், போங்கள்.

2005 ஜூனில் செதான் அணியை 2-1 என வென்று கோப்பை வாங்கிய கையோடு விலகினார். என்ன அழகான விடை! ஆனால் 2007-இல் லான்ஸ் கிளப் கூப்பிட, போய்விட்டார். பயிற்சியாளருக்கு 65 வயது வரம்பு என்று லீக் முதலில் மறுத்தது; பிறகு இணங்கியது. ஆகஸ்டில் ஆட்டங்கள் தொடங்கின. அந்த ஆகஸ்டிலேயே ராஜினாமா.

கிழவருக்கு ஏன் இந்த ஆசை என்று அன்று சிரித்தேன். அப்போது நான் வேலையில் இருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு ஒப்பந்தத்தில் வேறோர் ஆபீஸ் கூப்பிட்டது. போனேன். விதிகளெல்லாம் மனப்பாடம், கேட்பார்தான் இல்லை. மூன்றாம் வாரம் மத்தியானமே டிபன் பாக்ஸோடு வீடு திரும்பினேன்.

“அரை நாள் லீவாங்க?” என்றாள் மனைவி.

ஆமாம் என்றேன். மறுநாளும் சாப்பாடு கட்டி வைத்திருந்தாள்.