மேட்டூரில் எத்தனை அடி?

மே மாதக் கடைசி வந்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். "அண்ணே, மேட்டூர்ல இன்னிக்கு எத்தனை அடி?" பேப்பரைக் கையில் வைத்திருப்பவர் மற்ற செய்தியை எல்லாம் தள்ளிவிட்டு, ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியைத் தேடிப் படித்துச் சொல்வார். நாற்றங்கால் விடலாமா, விதைநெல் வாங்கலாமா, சொசைட்டியில் கடன் கேட்கலாமா, வீட்டு நகை அடகுக்குப் போகுமா என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணைப் பொறுத்தது.

மேட்டூர் அணையில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால், மூன்று நாளில் கல்லணைக்கு வந்துவிடும். ஜனவரி 28 வரை திறந்துவிட வேண்டும் என்பது வழக்கம். இந்தக் கணக்கில்தான் குறுவை, சம்பா, தாளடி எல்லாம் ஓடுகின்றன. காவிரிப் பாசனத்தில் 12 மாவட்டங்களில் 16 லட்சம் ஏக்கருக்கு மேல் இந்த அணையை நம்பி இருக்கிறது. 2022-ல் அணையில் தண்ணீர் நிறைய இருந்ததால் மே 24-ம் தேதியே திறந்தார்கள். 2024-ல் நிலைமை தலைகீழ். ஜூன் 12 அன்று நாற்பது சொச்சம் அடிதான் இருந்தது, மதகு திறக்கவில்லை. போர் இருந்தவர்கள் குறுவை நட்டார்கள், இல்லாதவர்கள் வயலைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். ஜூலையில் கர்நாடகத்து அணைகள் நிரம்பி வழிந்தன. ஜூலை 28 அன்று மேட்டூர் திறக்கப்பட்டது. 30-ம் தேதி 120 அடியைத் தொட்டது. குறுவைக்குக் காத்திருந்தவருக்கு அப்போது நாற்று விடும் பருவம் கடந்திருந்தது.

இப்படி உயிரோடு ஒட்டிய எண்ணாக இருந்தாலும், அடிக்கணக்கு அணையைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை.

பாதி அடி, கால் தண்ணீர்

அணையின் முழு மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 60 அடி இருந்தால் பாதி அணை இருக்கிறது என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் 60 அடியில் இருப்பது ஏறக்குறைய 25 டி.எம்.சி.தான்; கால் பங்கை விடக் கொஞ்சம் கூடுதல். 90 அடியில் சுமார் 53 டி.எம்.சி., 100 அடியில் சுமார் 65 டி.எம்.சி. நீர்த்தேக்கம் கீழே குறுகி மேலே அகன்று கிடப்பதால் இப்படி. மேலே ஏற ஏற ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் கூடிக்கொண்டே போகும்; இறங்க இறங்கக் குறையும். அதனால் அடியோடு டி.எம்.சி.யையும், நீர்வரத்தையும், வெளியேற்றத்தையும் சேர்த்துப் பார்ப்பவரே சரியாகத் திட்டமிட முடியும். 60 அடி இருக்கிறது, நீர்வரத்து இல்லை என்றால், போர் இல்லாதவர் குறுவைக்கு அவசரப்படாமல் இருப்பது நல்லது.

அதிலும் ஒரு கழிவு உண்டு. 1934-ல் இருந்து ஆறு கொண்டுவந்த வண்டல் அடியில் படிந்து கிடக்கிறது. அணை கட்டிப் பல பத்தாண்டுகள் கழித்து 2017-ல்தான் தூர்வாரும் வேலை தொடங்கி, விவசாயிகள் வண்டல் எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அந்த மண் காவிரி பல மலைகளில் இருந்து சுமந்து வந்த மேல்மண். அணைக்குச் சுமை, வயலுக்கு உரம்.

தண்ணீருக்கு அடியில் ஊர்கள்

காவிரித் தண்ணீரைப் பங்கிடுவது பற்றி சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் 1924-ல் ஒப்பந்தம் ஆனது. அதற்கு மறுவருடம், 1925-ல், மேட்டூரில் வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21 அன்று அணை திறக்கப்பட்டது. நீளம் 5,300 அடி, செலவு 4.80 கோடி ரூபாய். அன்றைய கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி பெயரால் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். ஊரார் '16 கண் மதகு' என்று சொல்லும் உபரிநீர்ப் போக்கி, பொறியாளர் எல்லீஸ் பெயரில் இருக்கிறது.

நிரம்பினால் 59 சதுர மைல் பரப்புக்குத் தண்ணீர் நிற்கும். அந்த இடம் முன்னால் ஆற்றோரத்து ஊர்களும் காடுகழனிகளுமாக இருந்தது. கோயில், சர்ச், வீடு, வயல் என்று எல்லாம் உள்ளே போயின. கோடையில் மட்டம் எழுபது எண்பது அடிக்குக் கீழே இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய சர்ச் கோபுரமும், ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும். வெளியூர்க்காரர் பரிசலில் போய் நந்தி பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார். உள்ளூர்ப் பெரியவர்களுக்கு அந்தக் கல் வேறொன்றைச் சொல்லும். நந்தி வெளியே தெரிந்தால் கீழே டெல்டாவில் கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும். தங்கள் தாத்தா காலத்து நிலம் எந்தத் திக்கில் இருந்தது என்று கை நீட்டிக் காட்டவும் அன்றுதான் முடியும்.

நிலம் கொடுத்தவர்களின் கரை இன்றும் மானாவாரிச் சீமைதான். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர் நிற்க, கொளத்தூர்ப் பக்கத்துக் காடுகள் மழையையும் கிணற்றையும் நம்பி இருக்கின்றன. கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்கு ஆகஸ்ட் 1 முதல் தண்ணீர் தருகின்றன. அவை அணைக்குக் கீழே ஓடுபவை. உபரிநீரைப் பம்ப் செய்து சரபங்கா வடிநிலத்தில் 100 ஏரிகளுக்கு விடும் திட்டம் 2021-ல்தான் தொடங்கியது. அதுவும் அணை நிரம்பி வழியும் காலத்துக்கு மட்டும்.

பச்சைத் தண்ணீர்

தண்ணீர் வற்றினால் கரையோரக் குடும்பங்கள் வெளிவந்த நிலத்தில் ராகி, எள், நிலக்கடலை, சோளம், தட்டைப்பயறு என்று விதைப்பார்கள். வண்டல் மண்; ஈரம் இருக்கும்; விளைச்சலும் நன்றாக இருக்கும். பட்டா கிடையாது, அணை எப்போது ஏறும் என்ற உறுதியும் கிடையாது. கதிர் முற்றும் நேரத்தில் திடீரென்று நீர்வரத்து கூடினால், இடுப்பளவு தண்ணீரில் நின்று அறுக்க வேண்டும். முடியாவிட்டால் பயிர் அப்படியே மூழ்கிவிடும்.

அந்தப் பயிரும், தாளும், போட்ட உரமும் தண்ணீருக்குள் அழுகுவது ஒரு பிரச்சினையின் தொடக்கம். சில ஆண்டுகளாகப் பண்ணவாடி, கோட்டையூர் பக்கத்து ஓரங்களில் தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டினதுபோல் ஆகிவிடுகிறது. கிட்டே போனால் குடலைப் பிடுங்கும் நாற்றம். மாடு வாய் வைப்பதில்லை, குளித்தவருக்கு உடம்பு அரிக்கிறது, வலை போடுகிற மீனவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பரிசல் தள்ளுகிறார். நீர்வளத்துறையினர் படகில் போய் நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பதும், சில நாளில் நாற்றம் குறைவதும், மறுபடி வருவதும் வழக்கமாகிவிட்டது.

இதற்குக் காரணம் பாசி. தழைச்சத்தும் மணிச்சத்தும் வயலில் நெல்லை வளர்ப்பதுபோலவே தண்ணீரில் பாசியை வளர்க்கும். நீர் ஓடாமல் நின்று, வெயிலும் சூடும் சேர்ந்தால் நீலப்பச்சைப் பாசி படலம் கட்டும். அது செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவை இழுத்துவிடும். மீன் மூச்சுமுட்டிச் சாகும். சில வகைப் பாசிகள் நஞ்சையும் விடுகின்றன. எது நஞ்சு, எது நஞ்சில்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

சத்து வரும் வழிகள் பல. பெங்களூருவின் கழிவுநீரில் ஒரு பகுதி விருஷபாவதி வழியாக அர்க்காவதி ஆற்றில் கலந்து, சங்கமம் என்ற இடத்தில் காவிரியில் சேர்கிறது. அந்த ஆறுதான் ஒகேனக்கல் தாண்டி மேட்டூருக்கு வருகிறது. இந்த மாசு பற்றித் தமிழ்நாடு 2015-ல் உச்ச நீதிமன்றம் போனது. கரையோர ஊர்களின் சாக்கடையும் உண்டு. மழை பெய்தால் சரிவுக் காடுகளில் இருந்து யூரியாவும், டி.ஏ.பி.யும், மேல்மண்ணும் வழிந்து ஓடைகள் வழியாக வருவதும் உண்டு. ஆளுக்கு ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தவரைக் கைகாட்டுவதால் பாசி குறையப் போவதில்லை.

குடிக்கிற தண்ணீர்

சேலம் மாநகரம் மேட்டூர்த் தண்ணீரைக் குடிக்கிறது. ஆற்றின் கரை நெடுகிலும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் காவிரியில் கிணறு இறக்கித் தண்ணீர் எடுக்கின்றன. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கொள்ளிடத்தில் கீழணை வரை போய், வடவாறு வழியாக வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004 முதல் அங்கிருந்து சென்னைக்குக் குழாயில் போகிறது. பண்ணவாடி ஓரத்தில் பச்சையாகி நிற்பதும், வீராணத்துப் பக்கம் ஒரு விவசாயியின் மதகில் பாய்வதும், சென்னையில் ஒரு வீட்டுக் குழாயில் வருவதும் ஒரே ஆறு.

ஆடிப்பெருக்கு

ஆடி 18 அன்று மேட்டூருக்கு வரும் கூட்டம் சொல்லி மாளாது. வண்டி கட்டிக்கொண்டு வந்த காலம் போய், இப்போது வேனும் பைக்குமாக வருகிறார்கள். காவிரியில் முழுக்குப் போட்டு, புதுத் தாலிக்கயிறு மாற்றி, அணைக்கட்டு முனியப்பனுக்குக் கிடாவும் சேவலும் நேர்ந்து, மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டு, பூங்காவில் பிள்ளைகளை ஊஞ்சல் ஆட்டிவிட்டு, சுடச்சுட வறுத்த அணை மீன் வாங்கித் தின்று திரும்புவார்கள். வருடம் முழுக்க வயலில் கிடப்பவருக்கு அது ஒரு நாள் விடுதலை. உள்ளூரில் மீன் வறுத்து விற்கும் பெண்களுக்கும், பரிசல்காரருக்கும், பூக்கடைக்காரருக்கும் வருமானம்.

மறுநாள் காலையில் படித்துறையைப் பார்த்தால் வேறு காட்சி. தோஷம் கழிய ஆற்றில் விட்ட பழைய துணி, ஷாம்பு பாக்கெட், தெர்மாகோல் தட்டு, பாட்டில் என்று ஒதுங்கிக் கிடக்கும். துணி மதகுக் கம்பியிலும் மீன் வலையிலும் சிக்கும். பிளாஸ்டிக் வாய்க்காலில் போய் அடைக்கும். கும்பிட வந்த ஆற்றிலேயே குப்பையைப் போட்டுவிட்டுப் போவதை முன்னோர் யாரும் வழக்கமாக வைத்திருக்கவில்லை. அவர்கள் விட்டது முளைப்பாரியும், மஞ்சளும், பூவும். மீன் தின்னும் அல்லது மக்கிவிடும்.

வயலில் இருந்து தொடங்குவது

பெங்களூரு சாக்கடையை ஒரு சிறு விவசாயியால் நிறுத்த முடியாது. அதற்கு அரசும் நீதிமன்றமும் வேண்டும். ஆனால் தன் வரப்புக்குள் அவர் செய்யக்கூடியவை இருக்கின்றன, செலவும் குறையும்.

யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடலாம். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு கலந்து ஒரு இரவு வைத்து மறுநாள் போட்டால் சத்து மெல்லக் கரைந்து பயிருக்குச் சேரும். உரம் போட்ட வயலில் உடனே தண்ணீரை வடியவிடக் கூடாது; மழை வரும்போல் இருந்தால் உரத்தைத் தள்ளிப் போட வேண்டும். சரிவுக் காடுகளில் வரப்பைச் சமமட்டத்தில் போட்டு, ஓரத்தில் வெட்டிவேர் வைத்தால் மண்ணும் உரமும் ஓடைக்குப் போகாது. அணைக்குள் பயிர் செய்பவர் அறுவடை முடிந்ததும் தாளையும் தட்டையையும் மாட்டுக்கு எடுத்துவிட்டால், தண்ணீர் ஏறும்போது அழுக எதுவும் இருக்காது. குறைந்த உரத்தில் வரும் எள்ளும் தட்டைப்பயறும் அங்கே பொருத்தம். மருந்து அடித்த கைத்தெளிப்பானை ஆற்றிலோ அணையிலோ அலசுவது கூடவே கூடாது.

பச்சைப் படலம் நிற்கும் இடத்தில் மாட்டை இறக்காமல், தொட்டியில் போர் தண்ணீர் காட்ட வேண்டும். அந்தத் தண்ணீரில் பிள்ளைகள் குளிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறமோ நாற்றமோ மாறினால் தேதியும் இடமும் குறித்து, போட்டோவோடு ஊராட்சிக்கும் நீர்வளத்துறை அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுத்தால், அடுத்த வருடம் பேச ஆதாரம் இருக்கும்.

டெல்டாவில் உள்ளவர் ஜூன் மாதம் பேப்பரைப் பிரிக்கும்போது அடியைப் பார்க்கட்டும், டி.எம்.சி.யையும் பார்க்கட்டும். மேட்டூர்ப் பக்கம் சொந்தக்காரரோ தெரிந்தவரோ இருந்தால் போன் போட்டு, "தண்ணி எப்படி இருக்கு மாமா, பச்சையா, தெளிவா?" என்றும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.