குழாய்க்குள் படியும் கரி

பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்க்கிறவர்கள் முதலில் பித்தளைத் தொட்டியைப் பார்ப்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் உள்ளே ஒளிரும் மேண்டில் வலையைப் பார்ப்பார்கள். ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தில் விளக்கு வாடகைக்கு விடும் கவுண்டமணியின் கடையில் செந்தில் மேண்டிலை நாசம் செய்த காட்சி யாருக்கு மறக்கும்? ஆனால் மேண்டில் போனால் இன்னொன்றைக் கட்டிக்கொள்ளலாம். விளக்கின் உயிர் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு குழாயில் இருக்கிறது. வேப்பரைசர் என்பார்கள்.

அதைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போடிநாயக்கனூர் போயிருந்தேன். மண்டிகளைத் தாண்டி ஒரு சந்து. ஏலக்காய் மூட்டை பிரித்த வாசம் அதுவரைக்கும் வந்தது. பம்ப் ஸ்டவ் காலத்தில் ஓய்வில்லாமல் ஓடிய பட்டறை. இப்போது குக்கர்தான் அதிகம் வருகிறது. அன்றைக்கு அவர் முன்னால் இருந்த விளக்கு, போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்திலிருந்து வந்தது. காய் உலர்த்தும் ஸ்டோரின் பரணில் கிடந்ததாம். தோட்டக்காரர் இப்போது விருந்தினர் விடுதியும் நடத்துகிறார். வாசலில் தொங்கவிடக் கேட்டிருக்கிறார். பித்தளையில் முகம் தெரிந்தது.

“வெளிய புளி போட்டு வெளக்கிட்டாங்க தம்பி. உள்ள யாரு வெளக்குறது?” என்றார் பெரியவர்.

பற்றவைத்துக் காட்டினார். வெள்ளையாக எழும்பிய வெளிச்சம் கொஞ்ச நேரத்தில் மஞ்சளடித்து, கூடிக் குறைந்து துடித்தது. “மூச்சு வாங்குது பாருங்க.”

தொட்டியில் காற்றடித்தால் அந்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் வேப்பரைசரில் ஏறும். எரியும் மேண்டிலை ஒட்டியே குழாய் போவதால் எண்ணெய் கொதித்து ஆவியாகும். உச்சியில் மயிரிழைத் துளையுள்ள நிப்பிள். அதில் பீறிடும் ஆவி காற்றையும் இழுத்துக் கலந்துகொண்டு, மேலே போய் வளைந்து இறங்கி மேண்டிலில் எரியும். தன் சூட்டிலேயே தன் எண்ணெயைச் சமைத்துக்கொள்ளும் விளக்கு இது. சமையலில் அடிப்பிடித்ததுதான் கரி. பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸ் 1910 வாக்கில் கொண்டுவந்த ஏற்பாடு, அடிப்படையில் இன்றும் அப்படியே இருக்கிறது.

விளக்கு ஆறியதும் தொட்டியின் காற்றை முழுக்கத் திறந்துவிட்டார். பிறகுதான் ஸ்பானரைத் தொட்டார். தலைக்கூட்டைத் தூக்கி வைத்து, நிப்பிளைக் கழற்றி, உள்ளே இருக்கும் கம்பியை அதன் நுனிப் பின்னோடு உருவினார். கம்பி முழுக்கக் கறுப்பு. சைக்கிள் பிரேக் வயரிலிருந்து பிரித்த ஒற்றை இழையை நேர்க்குழாயில் விட்டு இழுத்தார். மேலே உள்ள வளைவுக்கு அந்த வித்தை பலிக்காது. அங்கே நெருப்புதான். கரியடுப்பில் வளைவை மங்கலான சிவப்பு ஏறும்வரை காட்டினார். அதற்கு மேல் ஒரு கணம் தாமதித்தாலும் பற்றவைத்த மூட்டு விட்டுவிடும். தானாக ஆறவிட்டு, சுத்தியலின் மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டினார். செதில் செதிலாகக் கரி காகிதத்தில் உதிர்ந்தது. சைக்கிள் பம்பால் காற்றடித்தார், திரும்பத் தட்டினார். உதிர்வது நிற்கும்வரை இது நடந்தது. அவசரமே இல்லை.

நிப்பிளைத் தையல் ஊசியால் குத்துவது பெரும்பாலான வீடுகளில் நடந்த பாவம். துளை துளியளவு பெருத்தாலும் எண்ணெய் மிகுந்து மேண்டில் கறுத்துவிடும். அதற்கென்றே மயிர்போன்ற பின் உள்ளேயே இருக்கிறது. திருகைச் சுற்றினால் அது ஏறி இறங்கித் துளையைச் சுத்தம் செய்யும்.

மலையிலிருந்து வரும் விளக்குகளில்தான் கரி அதிகம் என்கிறார். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. உயரம் ஏறத்தாழ 1,400 மீட்டர். மேகமும் குளிர்காற்றும் சேர்ந்தால் குழாய் சூடேற நேரம் பிடிக்கும். முதலில் குழாயைச் சூடாக்க எரிக்கும் ஒரு கிண்ணம் ஸ்பிரிட் போதாது, இரண்டாவதும் ஊற்ற வேண்டும். ஸ்டோரில் இரவெல்லாம் விறகு தள்ளி, காயைக் கிளற வேண்டியவருக்கு அந்தப் பொறுமை எங்கே இருந்திருக்கும்? குழாய் காயும் முன்பே திறந்துவிட்டால், ஆவியாகாத எண்ணெய் புகைந்து எரியும். கரி அங்கேயே தொடங்குகிறது. பெரியவரோ ரேஷன் மண்ணெண்ணெயின் நீலச் சாயத்தையும் திட்டுகிறார். எனக்கென்னவோ சாயத்தைவிட டீசல் கலப்பும் வருடக்கணக்கில் பழசாகிப்போன எண்ணெயும்தான் பெரிய குற்றவாளிகள் என்று படுகிறது. வாதாடவில்லை.

ஒன்றை மட்டும் அவரிடம் சொன்னேன். பழைய மேண்டில் வெள்ளையாக ஒளிரக் காரணம் தோரியம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். மேண்டில் தொழிலுக்காகவே அந்த மணல் கப்பலேறியது.

“நம்ம மண்ணுதானா?” என்று மேண்டிலை ஒருமுறை பார்த்துவிட்டுப் பம்ப் வாசருக்கு எண்ணெய் தடவப் போய்விட்டார்.

தலைக்கூட்டை மாட்டும் முன் லேசாகக் காற்றடித்துத் திருகைத் திறந்தார். நிப்பிளிலிருந்து மண்ணெண்ணெய் நூல் பிடித்தாற்போல் செங்குத்தாக எழுந்தது. சாய்ந்தால் மறுபடி கழற்ற வேண்டும், சாயவில்லை. விளக்கை வாங்கிப் போக ஜீப் டிரைவர் வந்தார். கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு பெரியவர் சொன்னார்: “மொதலாளிகிட்டச் சொல்லுப்பா. ரெண்டாவது கிண்ணம் ஸ்பிரிட்டுக்குக் கணக்குப் பாக்க வேணாம். டீசல ஊத்திட்டுக் கொண்டாந்தா நான் தொட மாட்டேன்.”