ஏரிக்கரை நாட்டில் – 7: எந்தக் கடை உங்களுடையது?

போன இதழில் பள்ளிக்கூடத்துப் பாடு முழுவதையும் கொட்டிவிட்டேன். இந்தத் தடவை சாப்பாடும் ஊர்சுற்றலும் மட்டும்.

சனிக்கிழமை காலையில் முகோனோவில் நான் அடுப்புப் பற்றவைப்பதில்லை. தெருமுனையில் கரியடுப்பு, தட்டையான கல், ஓர் அட்டை முட்டை வைத்துக்கொண்டு ஒரு பையன் நிற்கிறான். அவனிடம் ரோலெக்ஸ் கிடைக்கும். கடிகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிளாஸ்டிக் குவளையில் இரண்டு முட்டையை உடைத்து, வெங்காயம், தக்காளி, முட்டைகோஸ் எல்லாவற்றையும் பொடியாக அதிலேயே அரிந்து போட்டு, அடித்துக் கல்லில் ஊற்றுகிறான். பாதி வெந்ததும் மேலே ஒரு சப்பாத்தியை வைத்து அமுக்கித் திருப்பி, பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக் கையில் தருகிறான். சப்பாத்தி என்று பெயர்தானே தவிர, கனத்தையும் எண்ணெயையும் பார்த்தால் நம் பரோட்டாவுக்குத்தான் நெருங்கிய சொந்தம். இந்தியர்கள் கொண்டுவந்த பண்டம். இன்று உகாண்டாவில் அது இல்லாத தெரு இல்லை.

பழகின புதிதில் அந்தப் பையன் என்னைக் கேட்டான். "ன்யாபோ (அம்மா), டவுனில் எந்தக் கடை உங்களுடையது?"

அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. முயிண்டி, அதாவது இந்தியர், என்றால் இங்கே முதலாளி. இரும்புக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர், சூப்பர்மார்க்கெட்காரர், சர்க்கரை ஆலைக்காரர். நடந்து வந்து, வரிசையில் நின்று ரோலெக்ஸ் வாங்கும் முயிண்டி அவன் கணக்கில் இடிக்கிறது. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், சம்பளம் இல்லை, தங்க இடமும் கைச்செலவுக்குப் பணமும் தருகிறார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கடை உங்கள் வீட்டுக்காரருடையதா?" என்றான்.

அந்தக் கேள்வியோடுதான் ஜின்ஜாவுக்குப் போனேன். கூட வந்தது, எங்கள் பள்ளியில் அறிவியல் நடத்தும் இளம் ஆசிரியை. பதினான்கு பேர் உட்காரும் வெள்ளை வேன்தான் வாகனம். இதற்கு இங்கே டாக்ஸி என்று பெயர். கடைசி இருக்கையும் நிரம்பினால்தான் நகரும். நேரம் பார்க்கிறவர்கள் இதில் ஏறக் கூடாது.

கம்பாலாவிலிருந்து ஜின்ஜா கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வழியில் நமவொஜ்ஜோலோ என்ற இடத்தில் வேன் நின்றதும், நீல அங்கி போட்ட ஒரு கூட்டம் ஓடிவந்து ஜன்னலுக்குள் கையை விடுகிறது. குச்சியில் குத்தின கோழி, தண்ணீர் பாட்டில், சுட்ட கோன்ஜா. கோன்ஜா என்பது ஒரு வகைப் பெரிய வாழை. தணலில் வாட்டியதும் தேன் பிடித்துக்கொள்கிறது. கோழிக்காரரைத் தவிர்த்துவிட்டு அதை வாங்குங்கள்.

அப்புறம் லுகாசி. கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பும் தேயிலையும். போர்பந்தர் பக்கத்திலிருந்து வந்த நான்ஜி காளிதாஸ் மேத்தா இங்கே சர்க்கரை ஆலை தொடங்கியது 1924-ல். ஜின்ஜாவைத் தாண்டிக் ககிராவில் மாத்வானி குடும்பத்தின் ஆலை. லுகாசியை அடுத்து மபிரா காடு. சாலையின் இருபுறமும் இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலை மூடி உறங்கிவிட்டேன்.

ஜின்ஜா மெயின் தெருவில் நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் நின்றேன். வளைந்த மூலைகளும் தூண் வைத்த தாழ்வாரங்களுமாக இரண்டு மாடிக் கடைகள். நெற்றியில் கட்டிய ஆண்டும் கட்டியவர் பெயரும், எல்லாம் குஜராத்திப் பெயர்கள். 1972 ஆகஸ்டில் அன்றைய அதிபர் இதி அமீன் 90 நாள் கெடு வைத்து ஆசியர்களை வெளியேறச் சொன்னபோது, இந்தத் தெரு கிட்டத்தட்ட காலியானது. கடைகள் ராணுவத்தாருக்கும் வேண்டியவர்களுக்கும் பங்கு பிரிக்கப்பட்டன. சரக்குத் தீர்ந்ததும் பல கடைகள் அப்படியே மூடிக்கிடந்தன. கரும்பு விளைந்த நாட்டில் சர்க்கரைக்குப் பஞ்சம். 1980-களிலும் 90-களிலும் சிலர் திரும்பி வந்து சொத்தை மீட்டார்கள், பலர் வரவேயில்லை.

ஆசிரியை தன் அப்பா சொல்லிக் கேட்டதைச் சொன்னாள். விரட்டியபோது ஊரில் கைதட்டியவர்கள் உண்டாம். "ஏன் தட்டினார்கள் என்று நீங்கள் கேட்கவில்லையே" என்றாள். கேட்டேன். கடையில் வேலை கொடுத்தார்கள், கல்லாப் பக்கம் மட்டும் விட மாட்டார்கள் என்றாள். கெடு வைத்து விரட்டியது கொடுமை. அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் இந்தக் கல்லாக் கதையைச் சேர்க்காமல் 1972-ஐச் சொல்வது பாதிக் கதைதான். ரோலெக்ஸ் பையனின் கேள்விக்கும் இங்கேதான் வேர்.

விக்டோரியா ஏரி நைல் நதியாகக் கிளம்பும் இடம் ஊரை ஒட்டியே இருக்கிறது. 1862-ல் ஆங்கிலேயப் பயணி ஸ்பீக் பார்த்த ரிப்பன் அருவியை இப்போது பார்க்க முடியாது. 1954-ல் திறந்த ஓவன் அணை நீரை உயர்த்தி அதை மூழ்கடித்துவிட்டது. படகோட்டி எஞ்சினை நிறுத்தி, அடியிலிருந்து குமிழியிட்டு வரும் நீரைக் காட்டி, "இது ஏரியல்ல, ஊற்று" என்றார். இங்கிருந்து மத்தியதரைக்கடல் சேர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகுமாம். எதிர்க்கரையில் ஸ்பீக்குக்கு நினைவுத்தூண். இந்தக் கரையில் காந்தி; 1948-ல் அவர் அஸ்தியில் ஒரு பங்கை இங்கே கரைத்தார்கள். மார்பளவுச் சிலையை 1997-ல் பிரதமர் குஜ்ரால் திறந்துவைத்தார். ஒரு முயிண்டி, கடையில்லாமல்.

மதியம் கரையிலேயே முழுத் திலேப்பியா மீன், பொரித்து. நம் குளங்களில் ஜிலேபிக் கெண்டை என்று பிடிக்கிறோமே, அதன் ஒன்றுவிட்ட உறவு. 1952-ல் இந்தியாவுக்குள் விட்ட ஜாதியும் ஆப்பிரிக்க மண்ணுடையதுதான். சப்பாத்தி இங்கே வந்தது, மீன் அங்கே போனது.

திரும்பி இறங்கியபோது வேன் நிறுத்தத்தில் ந்செனெனே விற்றுக்கொண்டிருந்தார்கள். நவம்பர் மழைக்குப் பறந்து வரும் பச்சை வெட்டுக்கிளி. இரவில் பளீரென்ற விளக்கு எரியவிட்டு, தகரத்தில் மோதி டிரம்முக்குள் விழச் செய்து பிடிக்கிறார்கள். இறகும் காலும் கிள்ளி, வெங்காயத்தோடு வறுத்து, குவளைக் கணக்கில் விற்பனை. புற்றீசலை வறுத்துப் பொரியோடு தின்று வளர்ந்த எனக்கு இதில் தயங்க ஒன்றுமில்லை. மொறுமொறுப்பு, நல்ல கொழுப்பு. ஆசிரியைதான் தொடவில்லை. அவள் குலத்தின் சின்னமே வெட்டுக்கிளி. பகாண்டா மக்கள் தங்கள் குலச்சின்னத்தைச் சாப்பிடுவதில்லை.

ஞாயிறு அவள் வீட்டில் விருந்து. வாசலில் அவளுடைய அண்ணன் மகள் மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். இங்கே பெண்பிள்ளைகள் பெரியவர்களுக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் கூசுகிறது. பின்கட்டில் அம்மா மடோகே செய்துகொண்டிருந்தார். பச்சை வாழைக்காயைத் தோல் சீவி இலையில் பொதிந்து நாரால் கட்டி, அடியில் மட்டை பரப்பிய பானையில் ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்த பிறகு பொதியோடு கையால் அமுக்கிப் பிசைந்து, மறுபடி அடுப்பில் ஏற்றுகிறார்கள். மஞ்சள் மெழுகாகி வருகிறது. தொட்டுக்கொள்ள, வேர்க்கடலை அரைத்து விட்ட இளஞ்சிவப்புக் குழம்பு. கூடவே லுவோம்போ: இலையை அனலில் வாட்டி, அதற்குள் கோழியும் குழம்பும் வைத்து முடிந்து அவித்தது. முடிச்சை அவிழ்த்ததும் வந்த வாட்டிய இலை மணத்தில் நம் கட்டுச்சோறு நினைவுக்கு வந்துவிட்டது; மூன்றாம் முறை பரிமாறியும் மறுக்கவில்லை.

"உங்கள் வீட்டில் எத்தனை ஏக்கர் வாழை?" என்று அம்மா கேட்டார். கொல்லையில் இரண்டு மரம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கிளம்பும்போது போடா போடா என்கிற வாடகை மோட்டார் சைக்கிளில் எனக்கு முன்பே ஒரு முழுத் தார் ஏறியிருந்தது. இரண்டு மரக்காரி பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். ஒற்றை ஆளாக அதை எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை. நாளைக்கு வறுவல், மறுநாள் பொடிமாஸ்.

அடுத்த வாரம் எல்கன் மலைப்பக்கம், சிபி அருவி. அங்கே அருமையான அராபிகா காப்பி விளைகிறது, ஊர்க்காரர்கள் குடிப்பதோ டீ. காரணத்தைக் கேட்டு எழுதுகிறேன்.

(தொடரும்)